பன்னிரண்டாம் பிணக்கு

தொழில் வடிவ அலுவலகத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. 'வடிவமற்றது எதுவும் வாழாது' என்று அதில் எழுதியிருந்தார்கள். மழையில் நனைந்து நனைந்து அதன் கீழ்ப்பாதி உப்பி, விளிம்பு பிய்ந்து, பலகை எந்த வடிவத்திலும் சேராததாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அது வாழ்ந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் பலகையின் முன்னால், உள்ளே போவதா, வந்த வழியே திரும்புவதா என்று இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி, பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவி. மற்றவள் அந்த ஓட்டுநரின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும். இந்த உறவைப் பற்றி உலகம் என்ன சொல்லும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. உலகம் சொல்வதற்கு மாறாக, இவர்கள் நகமும் சதையுமாக இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மணவாழ்க்கை முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு நாத்தனார் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணி அந்தப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். எத்தனை நாளைக்கு என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இரண்டே அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 'சின்னு ரூம்' ஆயிற்று. சின்னு என்பது நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர்.

வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் இருவரும் மெத்தை தைத்தார்கள். பஞ்சு அடைத்த உறையைத் தரையில் கிடத்தித் தைப்பவர்கள் உண்டு. இவர்கள் மெத்தையை இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நிறுத்துவார்கள். ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் சின்னு. இரண்டு முனையும் கூரான முழ நீள ஊசி ஒன்று. இவள் குத்தினால் அவள் பக்கம் வரும். அவள் இழுத்து, நூலை இறுக்கி, ஒரு விரல் தள்ளித் திருப்பிக் குத்துவாள். நடுவில் மெத்தை நிற்பதால் ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியாது. ஆகையால் குத்துவதற்கு முன் மெத்தையை இரண்டு முறை தட்டுவார்கள். தட்டு விழுந்ததும் எதிர்ப்பக்கத்துக் கை விலகிக்கொள்ளும். ஒரு மெத்தைக்கு முப்பத்தாறு முடிச்சு. ஒன்பது ஆண்டுகளில் எவள் கையிலும் ஊசி ஏறியதில்லை.

பெரிய மருத்துவமனையின் பண்டகக் காப்பாளர் அந்த மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க மனம் வராமல் எழுந்து, நாற்பது மெத்தைகளுக்குச் சொன்னார். ஆண்டுதோறும் தொடரும் என்றும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: தொழிலுக்கு வடிவச் சான்றிதழ் இருக்க வேண்டும். அண்ணிக்கு நாற்பது மெத்தைகளைவிட அந்தச் சான்றிதழின்மேல் ஆசை பிறந்தது. அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவள் என்று தெருவில் சின்னுவுக்கு ஒரு பெயர் இருந்தது. தொழிலில் சரிபாதிக்கு உரியவள் என்று அச்சடித்த தாள் ஒன்று கொட்டகையில் தொங்கினால், அந்தப் பெயர் உதிர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள். இதை அவள் சின்னுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெயரையும் சொல்ல வேண்டுமே. 'ஒரு பேப்பர்தானே சின்னு, போய் வாங்கிட்டு வந்துடலாம்' என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

விசாரணைச் சாளரத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உங்க தொழில் என்ன வடிவம்?"

"ஆறடிக்கு மூணடி சார்," என்றாள் அண்ணி. "கனம் நாலு விரல்."

அவர் அதை எழுதிவிட்டு, பிறகு அடித்தார். அலுவலகம் அங்கீகரித்த வடிவங்கள் நான்கே என்றும், அவை தனியாள் தொழில், சங்கம், கம்பெனி, கூட்டு என்றும், ஒவ்வொன்றுக்கும் தாழ்வாரத்தில் ஓர் அறை உண்டு என்றும் விளக்கினார். அறைகளை வரிசை தவறாமல் கடக்க வேண்டும். முதல் அறை 'பொருந்தாது' என்று கையெழுத்திட்டால்தான் இரண்டாம் அறைக் கதவைத் தட்டலாம். கூட்டு எங்களுக்குப் போதும், நேரே அங்கே போகிறோம் என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். எது போதும் என்பதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களுக்கு அலுவலகம் எதற்கு என்று அவர் கேட்டார்.

தனியாள் அறையில் ஓர் அம்மையார், உரிமையாளர் யார், கூலிக்காரர் யார் என்று கேட்டார். அண்ணி சின்னுவைக் காட்டினாள். அதே கணத்தில் சின்னு அண்ணியைக் காட்டினாள். அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில், வந்தவர்கள் இருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதற்கு விதி இருக்கிறது. ஒருவரை ஒருவர் காட்டினால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பாசம் வைத்துக்கொள்ளத் தடையில்லை, ஆனால் அதைப் பணி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை கூறி, 'பொருந்தாது' என்று எழுதினார்.

சங்க அறையில் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். அங்கிருந்த அலுவலர் இவர்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். இரண்டு முறையும் இரண்டே வந்தது. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். சென்ற ஆண்டு பதிவான ஒரு சங்கத்தின் உறுப்பினர் பதின்மரில் எட்டுப் பேர் காலமானவர்கள் என்றும், அந்தக் கோப்பைப்போல் ஒழுங்கான கோப்பை அவர் கண்டதே இல்லை என்றும் சொன்னார்.

"உயிரோட இருக்கறவங்கதாம்மா தகராறு. இன்னிக்கு ஒரு கையெழுத்து, நாளைக்கு ஒரு கையெழுத்து."

கம்பெனி அறையில் அவர்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள். கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள் என்று அங்கே விளக்கப்பட்டது. அது உங்களைப் போலவே ஓர் ஆள். நீங்கள் இறந்தாலும் அது இறக்காது. அண்ணி இதை வெகு நேரம் யோசித்தாள். வீட்டில் இருப்பது இரண்டு அறை. சாகாத ஒரு மூன்றாம் ஆளை எங்கே படுக்க வைப்பது? கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. பிறகு, கம்பெனிக்காரர்கள் எதையும் கூட்டம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொல்லி, ஒத்திகைக் கூட்டம் ஒன்றை நடத்திக் காட்டச் சொன்னார்கள். அண்ணி தலைவி ஆனாள். கூட்டத்துக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் கேட்க, எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்த சின்னு, நான் வந்திருக்கிறேன் என்று எழுந்து சொன்னாள். அறை புழுக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறக்கலாமா என்று சின்னு கேட்டாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றும், ஜன்னலுக்கு இன்றிலிருந்து இருபத்தொரு நாள் ஆகும் என்றும் அலுவலர் குறுக்கிட்டார். 'பொருந்தாது' என்ற கையெழுத்தோடு, வியர்வையில் குளித்து இருவரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அலுவலகத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கூட்டு அறை குளுமையாக இருந்தது. கூட்டு அலுவலர் மென்மையாகப் பேசுபவர். வந்தவர்களை எழுந்து நின்று வரவேற்பவர். கூட்டுக்கு இரண்டு பேர் போதும் என்றார். சரிபாதி எழுதலாம் என்றார். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவர் இழுப்பறையிலிருந்து நீளமான தாள் ஒன்றை எடுத்து, கசங்காமல் மேசைமேல் விரித்தார். அதன் பெயர் பிணக்கு அட்டவணை. பன்னிரண்டு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும், எதிர்பார்க்கப்படும் சண்டையின் காரணம், நடக்கக்கூடிய காலம், தவறு யார் மீது என்று மூன்று கட்டங்கள்.

"நாங்க சண்டை போட்டதில்லையே சார்," என்றாள் சின்னு.

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா சார்."

அவர் பரிவோடு தலையை அசைத்தார். "சண்டை போடாதவங்க கூட்டாளி இல்லைம்மா. அவங்க வெறும் சொந்தக்காரங்க. சட்டத்துக்கு அவங்களைத் தெரியாது."

அன்று மாலை கொட்டகையில் உட்கார்ந்து, இருவருமாகப் பன்னிரண்டு சண்டைகளை இட்டுக்கட்டினார்கள். கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்காதது. வேலை நேரத்தில் முணுமுணுத்துப் பாடுவது. பஞ்சு பறக்கும்போது தும்முவது. அண்ணன் சாப்பிட வந்தபோது, அந்தத் தும்மலுக்குத் தவறு யார் மீது என்று எழுதுவது என இருவரும் அவரையே கேட்டார்கள். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே முப்பது பேர் ஏறிய பேருந்தை ஓட்டுவதைப்போல நிதானமாக, தவறு மூக்கின் மீது என்று அவர் தீர்ப்பளித்தார்.

ஒன்பது நாள் கழித்து அட்டவணை திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில், 'மனப்பூர்வமாக இல்லை' என்று எழுதியிருந்தது.

இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கென்றே வாரத்தில் ஒரு நாள் வழிகாட்டும் அமர்வு நடந்தது. பெஞ்சுகளில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டு அலுவலர் மேடையேறிப் பேசினார்.

"எங்களைப் பத்திச் சிலர் தப்பாப் பேசறாங்க. நாங்க சண்டை மூட்டி விடறோமாம். அப்படி இல்லை. உங்களுக்குள்ள ஏற்கனவே இருக்கறதுக்கு நாங்க ஒரு எண் கொடுக்கறோம், அவ்வளவுதான். எண் இல்லாத சண்டை ரொம்ப ஆபத்து. அது எங்கே இருக்குன்னே தெரியாது. எண் கொடுத்துட்டா, கூப்பிட்ட உடனே வரும். போன வருஷம் நூத்தி நாப்பது கூட்டு பதிவு பண்ணினோம். நூத்தி நாப்பதும் கலைஞ்சாச்சு. ஆனா ஒண்ணுகூட முறைகேடாக் கலையலை. அத்தனையும் அட்டவணைப்படி."

சிலர் கைதட்டினார்கள். பெஞ்சுகளில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் முறை எழுதுகிறவர்கள் சேர்ந்து எழுதக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனி உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். சின்னு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். அந்தக் கதவு சாத்தப்பட்டு அண்ணி பார்த்ததில்லை. அடுப்பங்கரை மேடையில் தாளை வைத்துக்கொண்டு அவளும் எழுதினாள். முன்பு எழுதியதையே எழுதக் கூடாது என்பதால் கத்தரிக்கோலை விட்டுவிட்டு, மெய்யாகத் தேடினாள். தேடினால் கிடைக்காதது எது? அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒன்று, இரண்டு, நான்கு என்று கிடைத்தன. எல்லாம் கல்தான், பல்லை உடைக்கிற கல் ஒன்றும் இல்லை. பதினொன்றோடு நின்றுவிட்டது. விளக்கேற்றும் நேரம் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பன்னிரண்டாவதாக இப்படி எழுதினாள்:

'எத்தனை நாளைக்கு இங்கே இருப்பாய் என்று நான் அவளை ஒரு நாளும் கேட்டதில்லை. உடம்பு சலித்துப்போன ஏதாவது ஒரு நாளில் வாய் தவறிக் கேட்டுவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே பயம்.'

எழுதியதும் நெஞ்சு இலேசானது. இதைச் சின்னு படித்தால்கூட நல்லதுதான் என்று தோன்றியது.

ஆனால் சின்னு படிக்கப் போவது அதை அல்ல. அலுவலகத்தில் கட்டக்காரர் என்று ஒருவர் இருந்தார். உறைகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை அட்டவணையின் கட்டங்களுக்குள் அடங்கும்படி சுருக்குவது அவர் பணி. காரணம் என்னும் கட்டத்தில் பதினைந்து எழுத்துகள்தான் கொள்ளும். கட்டத்தைத் தாண்டிய எழுத்து சட்டப்படி செல்லாது. முப்பது ஆண்டுகளாக அவர் ஒரு கட்டத்தையும் தாண்டியதில்லை. அதற்காக அவருக்கு ஒரு முறை கேடயம்கூட வழங்கியிருந்தார்கள்.

வாசிப்பு நாளன்று இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தார்கள். ஒருவர் பட்டியலை மற்றவர் உரக்கப் படித்து, ஒவ்வொன்றின் கீழும் 'அறிந்தேன்' என்று கையெழுத்திட வேண்டும். அண்ணியின் பட்டியலைச் சின்னு படித்தாள். பதினொன்று வரை அவள் குரலில் ஒரு குறும்பு இருந்தது. ஏழாவதில், அதற்கு நான் என்ன செய்வேன் அண்ணி, என் குறட்டை எனக்குக் கேட்காதே என்று சொல்லக்கூடச் செய்தாள். பன்னிரண்டாவதில் குரல் நின்றது. கட்டத்தில் இப்படி இருந்தது:

'எப்போது போவாள் என்பது.'

"உரக்கப் படிக்கணும்மா," என்றார் கூட்டு அலுவலர் மென்மையாக.

சின்னு உரக்கப் படித்தாள். கையெழுத்திட்டாள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசிப்பின்போது விளக்கம் கூடாது, விளக்கம் வேண்டுமானால் தனிப் படிவத்தில் அடுத்த வாரம் தரலாம் என்று தடுத்தார்கள். அவள் கையில் சின்னுவின் பட்டியலைக் கொடுத்தார்கள். அவளும் படித்தாள். பன்னிரண்டாவது கட்டத்தில், 'அண்ணி நடிப்பது' என்று இருந்தது.

பேருந்தில் திரும்பும்போது இருவரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். சின்னு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நீ எழுதியது வேறாகத்தான் இருந்திருக்கும் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். தான் எழுதியதை வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கலாம். ஆனால், நடிப்பது என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுச் சோற்றில், ஒன்பது ஆண்டுச் சிரிப்பில், எதை நடிப்பு என்கிறாள்? முதலில் அவள் பேசட்டும் என்று அண்ணி காத்திருந்தாள். சின்னுவும் அதற்குத்தான் காத்திருந்தாளோ என்னவோ. வீடு வந்துவிட்டது.

மருத்துவமனைக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்ததால் வேலை நிற்கவில்லை. ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் சின்னு. ஊசி போயிற்று, வந்தது. ஆறாம் நாள், பதினேழாவது முடிச்சில், எதிர்ப்பக்கம் தட்டு விழுந்தது. ஒரு முறை தட்டினாளா, இரண்டு முறையா என்று அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. இதற்கு முன் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. கை தானாகவே விலகும். அன்று கை யோசித்தது. ஊசி உள்ளங்கையில் ஏறியது.

சின்னு சுற்றி ஓடி வந்து, பஞ்சை வைத்து அழுத்தி, உறைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். தவறு என்னுடையது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்னதும் இருவருக்கும் அட்டவணையின் மூன்றாம் கட்டம் நினைவுக்கு வந்து, பேச்சு அங்கேயே அறுந்தது.

அட்டவணை கொடுத்தால் சான்றிதழ் வந்துவிடும் என்று அண்ணி நினைத்திருந்தாள். அதற்கு முன் மெய்ப்பித்தல் என்று ஒன்று இருந்தது. குறிப்பிட்ட பிணக்குகள் முப்பது நாளுக்குள் நடக்காவிட்டால், பொய்யான தகவல் கொடுத்ததாக ஆகும், விண்ணப்பம் தள்ளுபடி. இதைப் பார்வையிட ஆய்வாளர் ஒருவர் வந்தார். சாதுவான மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தைத்து முடித்த மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, மடியில் அட்டையும் தாளுமாகக் காத்திருந்தார். அண்ணியின் கைக்கட்டைப் பார்த்து விசாரித்தார். ஊசிக் காயம் இரண்டு பட்டியலிலும் இல்லாததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று மனமார வருந்தினார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மெல்ல இருமினார்.

"மூணாவதுல ஆரம்பிக்கலாமா? அது சுலபமா இருக்கு."

நாற்பது மெத்தைகளை நினைத்து, இருவரும் மூன்றாவதை நடத்திக் காட்டினார்கள். பிறகு ஐந்தாவது, ஒன்பதாவது. நூல் சிக்கியதற்குச் சின்னு கடிந்துகொண்டாள். குறட்டைக்கு அண்ணி கடிந்துகொண்டாள். இதுவரை பேசியிராத கடுஞ்சொற்கள் பேசப் பேச வாய்க்குப் பழகின. ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் குறியிட்டார். இடையில் ஒரு முறை, கொஞ்சம் இயல்பா இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பதினொன்று முடிந்தது.

"பன்னிரண்டாவதை விட்டுடலாமே சார்," என்றாள் அண்ணி.

"விடலாம்மா. எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா பதினொண்ணு பன்னிரண்டு ஆகாதே."

சின்னு கையிலிருந்த ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"எப்போ போகணும்னு சொல்லுங்க அண்ணி. பெட்டி கட்டணும்ல."

"நான் அப்படி எழுதலை சின்னு."

"வேற எப்படி எழுதினீங்க?"

அண்ணி சொல்லத் தொடங்கினாள். ஆய்வாளரின் பேனா உயர்ந்தது. "அது மறுப்பு. மறுப்புக்கு வேற படிவம். நாம இப்போ பிணக்குல இருக்கோம்."

அந்த ஓர் இடைவெளி போதுமானதாக இருந்தது. சின்னு விடைக்காகப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நாக்கு நுனிக்கு முந்தி வந்தது தொண்டை முள்.

"நான் நடிக்கறேன்னு எழுதினியே, அதை முதல்ல சொல்லு. உனக்குச் சோறு போட்டது நடிப்பா? ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை கேக்காம வெச்சிருந்தேனே, அது நடிப்பா?"

வெச்சிருந்தேனே என்ற சொல் கொட்டகையில் விழுந்து, அங்கேயே கிடந்தது. அதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. சின்னுவின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று.

ஆய்வாளர் இரண்டு பட்டியலிலும் பன்னிரண்டாவதை ஒரே நேரத்தில் குறியிட்டார். ஒரே சண்டையில் இரண்டும் நிறைவேறுவது அபூர்வம் என்று பாராட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, மெத்தை மிகவும் சுகமாக இருந்தது என்று சொல்லி விடைபெற்றார்.

மறுநாள் காலையில் சின்னு அதே பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். அண்ணன் வண்டிக்குப் போகாமல் நின்று, இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி ஓரடி முன்னே வைத்தால் பெட்டி கைக்கு எட்டும். கை கட்டுப் போட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான்கு நாள் கழித்துக் கூட்டுச் சான்றிதழ் தபாலில் வந்தது. சரிபாதி என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதே தபாலில் இன்னொரு தாளும் வந்தது. பன்னிரண்டு பிணக்குகளும் முறைப்படி நிறைவேறிவிட்டதால் கூட்டு கலைக்கப்பட்டது என்றும், இருவருக்கும் தனித்தனியே தனியாள் தொழில் சான்றிதழ் தானாகவே வழங்கப்படுகிறது என்றும், ஒரு தொழில் இருந்த இடத்தில் இரண்டு தொழில்களை உண்டாக்கியதில் அலுவலகம் பெருமை கொள்கிறது என்றும் அதில் கண்டிருந்தது. பண்டகக் காப்பாளருக்கும் மகிழ்ச்சி. இருபது மெத்தை இவளுக்கு, இருபது அவளுக்கு. சின்னு இரண்டு தெரு தள்ளி, பழைய மாவு மில்லின் பின்கட்டில் ஓர் அறை பிடித்திருப்பதாக அண்ணன் வந்து சொன்னார். அங்கே மெத்தையை எப்படித் தைக்கிறாள் என்று அண்ணி கேட்டாள். சுற்றிச் சுற்றி வருகிறாள் என்றார்.

இங்கேயும் அதுதான் நடந்தது. அண்ணி குத்துவாள், சுற்றிப் போவாள், இழுப்பாள், இறுக்குவாள், திருப்பிக் குத்துவாள், சுற்றி வருவாள். ஒரு நாளில் மூன்று மெத்தை முடிந்த இடத்தில் ஒன்று முடிந்தது. யாரும் இல்லாத பக்கத்துக்காக ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டாமல் குத்த அவள் கைக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழிந்து, தனியாள் தொழில் ஒழுங்காகத் தனியாக நடக்கிறதா என்று பார்க்க அதே ஆய்வாளர் வந்தார். வரும்போது ஓர் உறையும் கொண்டுவந்தார். கலைந்த கூட்டின் மூலத் தாள்களைத் திருப்பித் தர வேண்டும். எழுதியவரிடமே கொடுத்தால் திருத்திவிடக்கூடும் என்பதால், மற்றவரிடம் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கப்படி சின்னுவின் உறை அண்ணிக்கு வந்தது. அண்ணியின் உறையை வரும் வழியிலேயே சின்னுவிடம் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார்.

ஆய்வாளர் கொட்டகையைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் அண்ணி உறையைப் பிரித்தாள். சின்னுவின் சாய்ந்த கையெழுத்து. பதினொன்றைத் தாண்டிப் பன்னிரண்டாவதற்கு வந்தாள்.

'அண்ணி என்னை ஒரு தடவைகூடத் திட்டினதில்லை. கோபம் வந்தாலும் சிரிக்கிற மாதிரி நடிச்சிடறாங்க. கூடப் பிறந்தவளா இருந்தா திட்டியிருப்பாங்க. ஒரே ஒரு தடவை வாய் நிறையத் திட்டிட்டா, இது என் வீடுன்னு எனக்கு நிம்மதியா இருக்கும்.'

அண்ணி தாளை மடித்து இடுப்பில் செருகினாள். என்ன செய்வதென்று தெரியாமல், செய்துகொண்டிருந்ததையே செய்தாள். இரண்டு தட்டுத் தட்டி, ஊசியைக் குத்தினாள். மெத்தையின் மறுபக்கம் ஆய்வாளர் நின்றிருந்தார். அவர் சட்டைப் பொத்தானுக்கு நேரே ஊசி முனை வெளியே வந்தது. மனித இயல்பு, இழுக்க அவர் கை நீண்டது. பாதி வழியில் அவருக்கு நினைவு வந்தது. ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் இழுத்தால் அது கூட்டு. அவர் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அண்ணி சுற்றி வந்து அதைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள், பையிலிருந்த கையைப் பார்த்தாள். பிறகு ஊசியை இழுக்காமல், அது நீட்டிக்கொண்டிருந்தபடியே விட்டுவிட்டு, மேலே ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? ஆய்வு இன்னும் முடியலையே."

"ஒருத்தியைத் திட்ட வேண்டியிருக்கு சார். போயிட்டு வந்துடறேன்."

அவர் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். தனியாள் தொழிலுக்குப் பிணக்கு அட்டவணை கிடையாது. "அதுக்கு எண் இல்லையேம்மா," என்றார் கவலையோடு.

எண் இல்லாத சண்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று கூட்டு அலுவலர் மேடையில் சொல்லியிருந்தார். அண்ணிக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லின் பின்கட்டில், மெத்தையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.